கைப்பிறேக்

கோப்பாய்,
14-6-1937

சிவமயம்

அன்புள்ள தம்பி பஞ்சலிங்கத்துக்கு,

நானும் உன் மச்சாளும் பிள்ளை குணலட்சுமியும் சுகமாக இருக்கிறோம். கோலாலம்பூரில் மழை விட்டதா, அருமைநாயகிக்கு இருமல் குறைந்ததா என்பதை மறவாமல் எழுது.

கார் வந்துவிட்டது. கொழும்புக் கம்பனி அதை றெயிலில் யாழ்ப்பாணம் வரை அனுப்பியது. சரக்கு வண்டியிலிருந்து பலகை போட்டு இறக்கும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். கறுப்பு நிறம், நான்கு கதவு. பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய்த் தேங்காய் உடைத்து, சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசித்தோம். ஐயர் ஒரு சிறிய பிள்ளையார் படம் தந்தார். அதைச் சுக்கானுக்கு முன்னால் ஒட்டியிருக்கிறேன். சுவாமி இருக்கிற இடமல்லவா, அதனால் செருப்பை வாசற் படலையடியில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் ஏறி ஓட்டுகிறேன். பக்கத்து வளவு முருகேசு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “அண்ணை, காருக்கை போறியளோ, கோயிலுக்கை போறியளோ? உள்ளை அருச்சனைச் சீட்டும் விக்கிறியளோ?” என்கிறான். சிரிக்கட்டும்.

பிள்ளையின் கலியாணம் தை மாதத்துக்கு நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை மீசாலை, கண்டியில் பள்ளிக்கூட உபாத்தியாயர். கலியாணம் முடிந்து பின்னேரம் அவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்குக் கால்மாறிப் போகும்போது நானே காரை ஓட்டுவேன். ஏன் என்பது உனக்குத் தெரியும். அவளுக்கு ஆறு வயதில் நாம் இருவரும் லீவில் வந்து இறங்கிய அன்று, தாயின் சேலைக்குள் ஒளிந்துகொண்டு, “ஆரம்மா உவர்?” என்று என்னைக் காட்டிக் கேட்டாள். நீ சிரித்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாய். அன்றைக்குத்தான் அவளுக்குச் சொன்னேன், “ஒருநாளைக்கு உன்னை என்ரை சொந்தக் காரிலை ஏத்திக்கொண்டு போவன்” என்று. இருபத்தேழு வருடம் அங்கே ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஊரார் பிள்ளைகளையெல்லாம் வண்டி ஏற்றி அனுப்பினேன். என் பிள்ளையை ஓரிடமும் கூட்டிப்போகவில்லை. தைக்குப் பிறகு அவள் கண்டிக்குப் போய்விடுவாள்.

ஒரே ஒரு சின்னக் குறை. கால் பிறேக் சில வேளை உடனே பிடிக்கிறது, சில வேளை பிந்திப் பிடிக்கிறது. குருநகர் எட்வேர்ட் பட்டணத்தில் கராச் வைத்திருக்கிறான். இரண்டு தரம் வந்து கம்பிகளை இறுக்கினான். மூன்றாம் நாள் திரும்பவும் அதே கதைதான். நீ வேலைத்தளத்தில் பிறேக் தவிர வேறொன்றும் பார்க்கிறதில்லை. என்ன செய்யலாம் என்று எழுது.

கந்தன் உங்கள் எல்லாரையும் காக்க.

உன் அண்ணன்,
மார்க்கண்டு

*

கோலாலம்பூர்,
5-7-1937

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணைக்கு,

தம்பி பஞ்சலிங்கம் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அருமைநாயகிக்கு இருமல் போய்விட்டது, இருமலுக்குக் கொடுத்த கசாயத்தின்மேல் உள்ள கோபம்தான் போகவில்லை.

கார் வந்த செய்தியைச் சத்தமாக வாசித்தேன். பிள்ளைகள் கூடத்திலேயே கார் ஓட்டத் தொடங்கிவிட்டார்கள்.

பிறேக் விஷயம். புதுக் காரின் பிறேக் பட்டை சக்கரத்தோடு தேய்ந்து ஒத்துவர ஐந்நூறு மைலாவது ஓடவேண்டும். அதுவரை கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதற்குப் பிறகும் இருந்தால் மூன்று காரியம் பாருங்கள். பட்டையில் எண்ணெய் பட்டிருக்கிறதா? நான்கு சக்கரத்துக்கும் போகும் கம்பிகள் ஒரே அளவாக இழுபடுகின்றனவா? கடைசியாக, எட்வேர்ட் குனிந்து பிறேக் மிதியைக் கையால் அமத்திப் பார்க்கட்டும். எத்தனை விரல் இறங்கியபின் இறுகுகிறது என்று அளந்து எழுதுங்கள்.

இன்னொன்று. இங்கிருந்து கப்பல் ஏறுமுன் இரவில் உள்ளங்கால் மிளகாய் பூசியதுபோல எரிகிறது என்றீர்களே. அது இப்போது எப்படி? மச்சாளுக்கும் குணலட்சுமிக்கும் எங்கள் அன்பு.

தங்கள் தம்பி,
பஞ்சலிங்கம்

*

கோப்பாய்,
27-7-1937

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று வீட்டில் முதல் மாம்பழம் பழுத்தது. உன் பங்கைக் குணலட்சுமி தின்றாள்.

சொன்னபடி எல்லாம் பார்த்தாயிற்று. எண்ணெய் இல்லை. கம்பிகள் ஒரே அளவு. எட்வேர்ட் கையால் அமத்தினான். இரண்டு விரல் இறங்கி இறுகுகிறது. ஐந்நூறு மைலும் ஓடி முடிந்தது. ஆனால் போன வெள்ளிக்கிழமை இருபாலைச் சந்தியில் வைக்கோல் வண்டி ஒன்று குறுக்கே வந்தது. மிதித்தேன், பிடிக்கவில்லை. பிறகு ஒரேயடியாகப் பிடித்தது. பின்னால் இருந்த குணலட்சுமியின் மூக்கு முன் ஆசனத்தில் இடித்தது. வண்டிக்காரன் இறங்கி வந்து, “ஐயா, என்ரை மாட்டுக்கும் ரெண்டு கண், உங்கடை காருக்கும் ரெண்டு கண். பிறகேன் ஒண்டையொண்டு காணேல்லை?” என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஒண்டுமில்லை அப்பு, ஒண்டுமில்லை” என்றாள்.

மிதி அவ்வளவு தளர்வு. நான் எந்த நொடியில் மிதிக்கத் தொடங்கினேன் என்பதே எனக்குச் சில வேளை தெரிவதில்லை. வேறென்ன செய்யலாம், எழுது.

மற்றும்படி எல்லாரும் சுகம்.

உன் அண்ணன்,
மார்க்கண்டு

*

கோலாலம்பூர்,
16-8-1937

அன்புள்ள அண்ணைக்கு வணக்கம்.

நாங்கள் சுகம். நல்லூர்த் திருவிழா நாட்களில் இங்கே இருப்பது ஒவ்வொரு வருடமும் தண்டனைதான். தேருக்குப் போனால் எங்களுக்காகவும் ஒரு கும்பிடு போடுங்கள்.

அண்ணை, இரண்டு விரலில் இறுகுகிற மிதி நல்ல மிதி. தளர்வு என்று சொல்ல முடியாது. எனக்கு விளங்கவில்லை. ஆகவே ஒன்று செய்யுங்கள். எட்வேர்டை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பக்கத்தில் இருங்கள். அதே சந்தி, அதே வேகம். என்ன நடக்கிறது என்று எழுதுங்கள்.

அதோடு, செருப்போடு ஓட்டிப் பாருங்கள். பிள்ளையார் எலியில் ஏறிப் போகிறவர், உங்கள் செருப்புக்காகக் கோபிக்கமாட்டார்.

கால் எரிவைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் கடலில் விழுந்துவிட்டதுபோல் இருக்கிறது.

தங்கள் அன்புத் தம்பி,
பஞ்சலிங்கம்

*

கோப்பாய்,
22-9-1937

அன்புள்ள தம்பிக்கு,

பதில் பிந்தியதற்குக் கோபிக்காதே. கலியாண அலுவல்கள். தேருக்குப் போனேன், உங்கள் எல்லார் பேரிலும் கும்பிட்டேன்.

எட்வேர்ட் ஓட்டினான். இருபாலைச் சந்தியில் அடைக்கோழி முட்டையில் குந்துவதுபோலக் கார் நின்றது. மூன்று தரம் நிறுத்தச் சொன்னேன். மூன்று தரமும் அப்படித்தான்.

“பிறேக்கிலை பிழை இல்லை ஐயா” என்றான்.

“அப்ப என்னிலையோ பிழை?”

“நான் அப்பிடிச் சொல்லேல்லை ஐயா” என்று சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தான்.

கெட்டிக்காரன்தான். ஆனால் அவன் காலைக் கண்டால் பணிந்து, என் காலைக் கண்டால் முரண்டு பிடிக்கிற பிறேக் எங்கே இருக்கிறது? கம்பனி ஏதோ ஒரு குறையை மறைக்கிறது.

போன ஞாயிறு நடந்ததை உனக்கு மட்டும் எழுதுகிறேன். மாப்பிள்ளை வீட்டுக்கு நாள் பேசப் போனேன். அவர்கள் வீடு மீசாலையில் தண்டவாளத்துக்கு அப்பால். றெயில் கடவை மூடியிருந்தது. தூரத்திலேயே கண்டு நல்ல நேரத்துக்கு மிதித்தேன். கார் போய்ப் படலையில் முட்டி நின்றது. முன் விளக்குக் கண்ணாடி உடைந்தது. றெயில் வர இன்னும் மூன்று நிமிடம் இருந்தபடியால் வேறொன்றும் நடக்கவில்லை. கடவைக்காரன் ஓடிவந்து, “மூடின கேற் கண்ணுக்குத் தெரியேல்லையோ? றெயில்வேச் சட்டம் தெரியுமோ ஐயாவுக்கு?” என்று கேட்டான். எனக்கு, தம்பி. என்னிடம் கேட்டான். நான் ஆர் என்று அவனுக்குச் சொல்லவில்லை.

கோலாலம்பூரில் நல்ல பிறேக் பட்டை கிடைத்தால் நான்கு சக்கரத்துக்கும் வாங்கி அனுப்பு. தைக்கு முன் இதைச் சரிப்படுத்தாமல் விடமாட்டேன்.

நீ கேட்ட கால் எரிவு முற்றாக நின்றுவிட்டது. இரவில் நல்ல நித்திரை. கந்தன் கிருபை. இனி அதைக் கேட்டு எழுதவேண்டாம்.

உன் அண்ணன்,
மார்க்கண்டு

*

கோப்பாய்,
29-9-1937

அன்புள்ள தம்பிக்கு மச்சாள் சிவக்கொழுந்து எழுதிக்கொள்வது.

நீரும் அருமைநாயகியும் பிள்ளைகளும் சுகமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். நான் உமக்குத் தனியாகக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தரம். உடுவில் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து இன்னும் மறக்கவில்லை. இதை எழுதுவது உம்முடைய அண்ணைக்குத் தெரியாது.

முந்தாநாள் காரைக் கழுவப் போனேன். மிதியிலும் கீழ்ப் பலகையிலும் கறுத்துக் காய்ந்த கறை. கேட்டதற்கு, “அது கிறீஸ். எட்வேர்ட் துடையாமல் விட்டிட்டான்” என்றார். கிறீஸ் தண்ணீரில் சிவப்பாகக் கரையாது.

பின்னேரம் கிணற்றடியில் கால் கழுவ இருந்தவரின் வலது காலை எடுத்துப் பார்த்தேன். உள்ளங்காலில் பனங்கருக்குத் துண்டு ஒன்று, பாதி விரல் நீளம், ஏறி இருந்தது. எத்தனை நாளாக இருந்ததோ, சுற்றிவர வெளுத்துப்போயிருந்தது. அவர் பிறேக்கைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். நான் கருக்கைப் பிடித்து இழுத்தேன். இரத்தம் வந்தது. அவர் கதையை நிறுத்தவில்லை, தம்பி. நான் இழுத்தது அவருக்குத் தெரியவே இல்லை.

மாமாவின், உங்கள் அப்புவின், காலை நான் மறக்கவில்லை. சலரோகம் என்ற நீரிழிவால் வந்த புண் என்று காலை எடுத்தபிறகு இரண்டு வருடம் அவருக்குச் சோறு கொடுத்தவள் நான். இவரும் இப்போது அடிக்கடி தண்ணீர் குடிக்கிறார். நான் சொன்னால், “கலியாணம் முடியட்டும்” என்று ஒரே வார்த்தை. கார் ஓட்டுவதை விடும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தைமாதத்தை நினைத்துத்தான் அவர் காலையில் எழும்புகிறார். ஓட்ட விட்டாலோ, பின்னால் இருக்கப்போவது என் பிள்ளையும் மருமகனும். கடவையில் நடந்ததை, விளக்குக் கண்ணாடி மாற்ற வந்த எட்வேர்ட் எனக்குச் சொல்லிவிட்டான்.

நான் என்ன செய்ய? பதிலைப் பக்கத்து வீட்டு விலாசத்துக்குப் போடும். முருகேசு வாயாடிதான், ஆனால் கடிதத்தை என் கையில் தருவான்.

இப்படிக்கு,
சிவக்கொழுந்து

*

கோலாலம்பூர்,
13-10-1937

அன்புள்ள மச்சாளுக்கு வணக்கம்.

எழுதினீர்களே, அதுவே பெரிய உதவி.

எரிவு நின்றுவிட்டது என்று அண்ணை எழுதியதை வாசித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அப்புவுக்கும் முதலில் எரிந்தது. பிறகு நின்றது. அது சுகம் அல்ல, கால் மரத்துப்போவது. அண்ணையின் காருக்குக் குறை இல்லை. எப்போது மிதிக்கிறார், எவ்வளவு பலமாக மிதிக்கிறார் என்பது அவர் காலுக்குத் தெரிவதில்லை. அவருடைய இரண்டாம் கடிதத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். பிறேக்கையே பார்த்துப் பழகிய கண், மச்சாள்.

புண்ணைக் காலையும் மாலையும் உப்புத் தண்ணீரால் கழுவித் துணி சுற்றுங்கள். வெறுங்காலோடு ஓரடியும் வைக்க விடாதீர்கள். பட்டணத்து டாக்டரிடம் போக அவரே சம்மதிக்கும்படி நான் ஒரு வழி எழுதுகிறேன். இதே தபாலில் அவருக்கு வரும் கடிதத்தில் காரைப் பற்றி ஒரு பொய் இருக்கும், அதற்கு என்னை மன்னியுங்கள். என்னைப் பற்றி எழுதியிருப்பது மட்டும் பொய் அல்ல. அதை அருமைநாயகிக்குக்கூட நான் இன்னும் சொல்லவில்லை.

தங்கள்,
பஞ்சலிங்கம்

*

கோலாலம்பூர்,
13-10-1937

அன்புள்ள அண்ணைக்கு,

வணக்கம். வீட்டில் எல்லாரும் சுகம் என்று எழுத ஆசை. என்னைத் தவிர மற்ற எல்லாரும் சுகம்.

முதலில் கார். எங்கள் வேலைத்தளத்துப் பெரியவரிடம் விசாரித்தேன். இந்த வருடத்துக் கார்களில் கால் பிறேக்கில் ஒரு குறை இருக்கிறதாம். நீங்கள் சொன்னதே சரி. அதற்கு ஒரு மாற்றுச் சாமான் சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டும். மாசிக்கு முன் வராது. அதுவரை எட்வேர்டைப்போலக் கார்களோடு பழகின ஒருவன் கால் பிறேக்கைப் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து கைப்பிறேக்கைப் பிடியுங்கள். அதன் கம்பி வேறு, அது பின் சக்கரங்களுக்கு நேரே போகிறது, அதில் குறை இல்லை. றெயிலில் எஞ்சின் றைவர் முன்னால் இருந்தாலும், கடைசிப் பெட்டியில் கையால் பிறேக் போடும் கார்ட்டை நம்பித்தானே நீங்கள் பச்சைக்கொடி காட்டினீர்கள்?

இரண்டாவது, என் விஷயம். போன மாதம் எனக்குச் சலரோகம் என்று டாக்டர் சொன்னார். ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணை. இங்கே ஊசி போடச் சொல்கிறார்கள். நீங்களும் நானும் ஒரே இரத்தம். பட்டணத்து டாக்டரிடம் நீங்கள் ஒருமுறை போய்ப் பார்த்து, என்ன மருந்து, என்ன சாப்பாடு என்று கேட்டு எழுதினால் எனக்குத் தைரியமாக இருக்கும். சின்ன வயதில் குளத்தில் இறங்க எனக்குப் பயம் என்றால், முதலில் நீங்கள் இறங்கித்தானே ஆழம் சொல்லுவீர்கள்?

தங்கள் தம்பி,
பஞ்சலிங்கம்

*

கோலாலம்பூர்,
6-1-1938

அன்புள்ள அண்ணைக்கு வணக்கம்.

ஒக்டோபருக்குப் பிறகு கோப்பாயிலிருந்து ஒரு வரியும் இல்லை. மச்சாளும் எழுதவில்லை. தபால்காரன் தெருவில் திரும்பும்போதே பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

குணலட்சுமிக்கு ஒரு சேலை அனுப்பியிருக்கிறேன். லீவு கிடைக்கவில்லை. கலியாணத்தன்று இங்கே கோயிலில் அருச்சனை செய்விப்போம். நான் எழுதியதில் ஏதும் தவறு இருந்தால், கோபத்தையாவது எழுதுங்கள்.

பஞ்சலிங்கம்

*

கோப்பாய்,
3-2-1938

சிவமயம்

என் அன்புத் தம்பிக்கு,

கலியாணம் சிறப்பாக முடிந்தது. நாங்கள் எல்லாரும் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நான் சொல்வதைக் கேட்டபிறகு நீயே முடிவு செய்.

உன் ஒக்டோபர்க் கடிதம் கிடைத்தவுடன் கொழும்புக் கம்பனிக்கு எழுதி, சீமையிலிருந்து வரும் சாமானுக்கு என்ன பெயர், எந்தக் கப்பல் என்று கேட்டேன். அப்படி ஒரு சாமானே கிடையாது என்று பதில் வந்தது. சின்ன வயதிலும் உனக்குப் பொய் சொல்லத் தெரியாது. இருபத்தேழு வருடம் ஒவ்வொரு சரக்குக்கும் சீட்டுப் பார்த்தவனுக்கு, சீட்டில்லாத சாமானை அனுப்பப் பார்த்தாய். ஒரு கிழமை உன்மேல் பெரிய கோபம். காரைத் தொடவில்லை, பேனையையும் தொடவில்லை.

கோபம் ஆறியபின் உன் கடிதத்தின் இரண்டாம் பாதியைத் திரும்ப வாசித்தேன். அதில் பொய் இல்லை என்று கண்டேன்.

அடுத்த நாள் காலை உன் மச்சாளைக் கூப்பிட்டு, விளக்குமாற்றில் ஒரு ஈர்க்கு முறித்துவரச் சொன்னேன். “கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறன். ஒவ்வொரு விரலாய்க் குத்து. எந்த விரல் எண்டு நான் சொல்லுறன்” என்றேன். காலை நீட்டிக் கண்ணை மூடினேன். காத்திருந்தேன். காகம் கத்தியது, கிணற்றடியில் துலா கிறீச்சிட்டது. “ஏன் இன்னும் தொடங்கேல்லை?” என்று கேட்டேன். கண்ணைத் திறந்தேன். அவள் ஐந்து விரலையும் குத்தி முடித்துவிட்டு, ஈர்க்கைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

அன்றைக்கே பட்டணம் போனோம். எட்வேர்ட் ஓட்டினான். டாக்டர் சலரோகம் என்றார். அந்தப் புண்ணை இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் அப்புவின் கதைதான் என்றும் சொன்னார். தினமும் ஊசி. சோறு ஒரு நேரம், மற்ற நேரம் குரக்கன் மாப் பிட்டு. சீனி இல்லை. புண் மார்கழிக் கடைசியில்தான் ஆறியது. அதுவரை உனக்கு என்னத்தை எழுதுவது? முதலில் குளத்தில் இறங்கினவன், கால் நிலத்தில் பட்டபிறகுதானே ஆழம் சொல்ல முடியும்? அதனால் உன் மச்சாளையும் எழுதவேண்டாம் என்று தடுத்தேன். அது பிழைதான்.

இனிக் கலியாணத்தன்று நடந்தது. பின்னேரம் நாலு மணிக்குப் பிள்ளையும் மாப்பிள்ளையும் பின்னால் ஏறினார்கள். எட்வேர்ட் சுக்கானில். யாரோ பெண்கள் அவன் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்துவிட்டார்கள். “ஐயோ, குருநகரிலை பாதர் கண்டால் நான் துலைஞ்சன்” என்றான், ஆனால் அழிக்கவில்லை. நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு இடப்பக்கம் ஏறினேன். பிள்ளையார் படத்தைத் தொட்டுக் கும்பிட்டேன். முருகேசு படலையில் நின்று, “இண்டைக்குக் கோயிலுக்கை சப்பாத்தோடையோ அண்ணை?” என்றான். “பிள்ளையார் எலியிலை போறவர், கோபிக்கமாட்டார்” என்றேன். பார்த்தாயா, உன் பகிடியை என்னுடையதாகச் சொல்லிவிட்டேன்.

ஏறினதிலிருந்து வலது கையைக் கைப்பிறேக்கின்மேல் வைத்திருந்தேன். குளிர்ந்த இரும்பு. கைக்கு எல்லாம் தெரிகிறது, தம்பி. ஒவ்வொரு பள்ளமும் திட்டியும் அந்த இரும்பால் வந்து என் கையைத் தொட்டது. நாவற்குழிப் பாலமும் சாவகச்சேரியும் தாண்டினோம்.

மீசாலைக் கடவை மூடியிருந்தது. அதே கடவை, அதே மனிதன். எட்வேர்ட் வேகத்தைக் குறைத்து, என் பக்கம் திரும்பாமல், “ஐயா, நான் காலை எடுத்திட்டன். நீங்கள்தான்” என்றான். நான் மெல்ல இழுத்தேன். பல்லுப் பல்லாக ஏறியது. படலைக்கு இரண்டு முழம் முன்னால் கார் நின்றது. நின்றது என்று எனக்குத் தெரிந்தது. எட்டு மாதத்தில் முதல் தரம் அது எனக்குத் தெரிந்தது.

வண்டி போகும்வரை காத்திருந்தோம். பின்னாலிருந்து குணலட்சுமி ஒரு கையை என் தோளில் வைத்து, “எவ்வளவு மெல்லமாய் நிப்பாட்டிறியள், அப்பு” என்றாள். படலை திறந்தது. கடவைக்காரன் என்னை அடையாளம் கண்டு, சலாம் போட்டான்.

எட்வேர்ட் உண்மையிலேயே காலை எடுத்தானா என்று நான் குனிந்து பார்க்கவில்லை. நீயும் அவனுக்கு எழுதிக் கேட்காதே.

டாக்டர் எழுதித் தந்த மருந்தின் பெயர், ஊசி போடும் நேரம், சாப்பாட்டு விபரம் எல்லாம் தனித் தாளில் இருக்கிறது. ஆழம் இடுப்பளவுதான். இறங்கலாம். முதலில் அருமைநாயகிக்குச் சொல். சொல்லிவிட்டு ஒரு ஈர்க்கைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டு.

அடுத்த கடிதத்தில் பிறேக்கைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். எந்த எந்த விரல் தெரிந்தது என்று எழுது.

உன் அண்ணன்,
மார்க்கண்டு